அம்மா தேடினாரா, தேடப்பட்டாரா?

கேட்டவர் பென்னாகரம் பக்கத்துத் தம்பி. ஓசூர் சிப்காட்டில் வேலை. அறையில் கூடத் தங்கியிருக்கும் நண்பர் சீர்திருத்த போதனைகளை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவனே முன்னதாகத் தெரிந்துகொண்டார் என்று சொல்லும் கால்வின் வழிப் பிரசங்கங்களை, யூட்யூபில் விடாமல் கேட்பவராம். அவர் ரோமர் 3:11-ஐக் காட்டி, "தேவனைத் தேடுகிறவன் இல்லை என்று வேதமே சொல்கிறது, உன் அம்மா தேடினார் என்பதெல்லாம் சும்மா" என்று சொல்லிவிட்டார். தம்பியின் அம்மா எட்டு வருடம் நிம்மதி தேடி அலைந்து, ஒரு கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டதால் சபைக்குப் போனவர். ஊர்ப் பாஸ்டரோ "தேடுங்கள், அப்பொழுது கண்டடைவீர்கள்" என்று வாரா வாரம் பிரசங்கம் செய்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது: "அப்பா இன்றுவரை சபை வாசலை மிதிக்கவில்லை. அப்படியென்றால் அவர் தெரிந்துகொள்ளப்படாதவரா?" எனக்கென்னவோ இதைக் கேட்கத்தான் மற்றதெல்லாம் எழுதினாரோ என்று தோன்றுகிறது. அதற்கும் வருகிறேன்.

தம்பி, என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிருஷ்ணகிரியில் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நண்பர் காட்டும் வசனம். பவுல் அங்கே புதிதாக எதுவும் சொல்லவில்லை, 14-ஆம் சங்கீதத்தை எடுத்து வைக்கிறார். ரோமர் முதல் அதிகாரத்தில் புறஜாதியாரின் பாவம், இரண்டாவதில் யூதரின் பாவம், மூன்றாவதில் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு. "நாங்கள் மேல், நீங்கள் கீழ்" என்று பேச யாருக்கும் வாய் இல்லை என்பதை நிறுவத்தான் அந்தச் சங்கீதம் சாட்சிக்கு வருகிறது. அதே சங்கீதத்தில் அடுத்த இரண்டு வசனத்தையும் படித்தால் "என் ஜனம்" என்று ஆண்டவர் சொந்தம் கொண்டாடும் ஒரு கூட்டம் வரும், "நீதிமானுடைய சந்ததி" வரும். ஒருவனாகிலும் இல்லை என்ற பாட்டுக்குள்ளேயே சிலர் இருக்கிறார்கள்! எப்படி என்று கேட்டால் நண்பர், "தேவன் அவர்களை மாற்றினார், அதனால் இருக்கிறார்கள்" என்பார். நல்ல பதில். ஆனால் அப்படிச் சொன்ன உடனே "தேடுகிறவன் இல்லை" என்பதற்கு "கிருபை தொடாமல் தானாகத் தேடுகிறவன் இல்லை" என்று அவரே பொருள் கொடுத்துவிட்டார். அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் அம்மாவுக்கும் வசனத்துக்கும் சண்டை எதுவும் இல்லை.

இன்னொன்று. ரோமர் 3:11-இல் "தேடு" என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல்தான் எபிரெயர் 11:6-இலும் இருக்கிறது. அங்கே தேவன், "தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவர்". தேடுகிறவர்களே கிடையாது என்றால் பலன் யாருக்கு? அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியதையும் பாருங்கள் (அப்போஸ்தலர் 17:27). மனிதர் தம்மைத் "தடவியாகிலும்" கண்டுபிடிக்கும்படி தேவன் அவர்களுக்குக் காலத்தையும் எல்லையையும் குறித்து வைத்தாராம். தடவி! கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுவது போல. வெளிச்சத்தில் தேடுவதாகப் பவுல் சொல்லவில்லை, தேடலே இல்லை என்றும் சொல்லவில்லை.

மனிதன் தேடாமல் இருப்பதில்லை, தப்பான இடத்தில் தோண்டுகிறான் என்பதுதான் வேதம் திரும்பத் திரும்பச் சொல்லும் குற்றச்சாட்டு. எரேமியா 2:13-ஐ நம் தருமபுரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஊற்றை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்காத வெடிப்பு விட்ட தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்கிறார் தீர்க்கதரிசி. ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதியை மட்டும் பார்த்த குடும்பம் நம் பக்கம் எத்தனை! அவர்களுக்குத் தாகம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

சரி, இந்தச் சண்டை எங்கே தொடங்கியது? ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்த பெலேஜியஸ் என்ற துறவி, அங்கே கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களாக வாழாததைப் பார்த்து நொந்துபோனவர். ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின், "நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு எதை வேண்டுமானாலும் கட்டளையிடும்" என்ற கருத்தில் எழுதியிருந்த ஜெபம் அவருக்கு எரிச்சலூட்டியது. கீழ்ப்படிவதையும் தேவனே தர வேண்டும் என்றால் சோம்பேறிக்கு அது நல்ல சாக்காகிவிடாதா என்பது அவர் கவலை. நேர்மையான கவலைதான். வகுப்பில் முப்பது வருடம் பிள்ளைகளை மேய்த்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஆனால் அவர் தரப்பு போய் முடிந்த இடம், மனிதன் மனம் வைத்தால் தன் பலத்தாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்பது. 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதைத் தள்ளினார்கள். 431-இல் எபேசு சங்கமும் அந்தத் தரப்பைக் கண்டித்தது.

அதற்கு நூறு வருடம் கழித்து நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது, அதைத்தான் நம் ஊர்க் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. பெலேஜியஸும் வேண்டாம், அகஸ்டின் அவ்வளவு கடுமையாகவும் வேண்டாம் என்று தெற்கு பிரான்சில் சில துறவிகள் ஒரு நடுவழி பார்த்தார்கள். முதல் அசைவு மனிதனுடையதாக இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டுக் கிருபை ஓடி வந்து கைகொடுக்கும் என்பது அவர்கள் நினைத்தது. 529-இல் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய ஆயர்கள் இதையும் மறுத்தார்கள். விசுவாசம் வளர்வது மட்டுமல்ல, விசுவாசிக்க வேண்டும் என்று மனதில் முதலில் எழும் ஆசையே கிருபையின் வேலை என்றார்கள். அதே மூச்சில், தேவன் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதையும் கண்டித்தார்கள்.

இப்போது நம் உயிர்மீட்சிக் கூட்ட மேடைக்கு வாருங்கள். "நீ ஒரு அடி எடுத்து வை, ஆண்டவர் உன்னை நோக்கிப் பத்து அடி எடுத்து வைப்பார்." எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 529-இல் மறுக்கப்பட்டது கிட்டத்தட்ட இதேதான். நண்பருக்குக் கோபம் வருவது இந்த மேடைப் பேச்சின்மேல் என்றால் நானும் அவர் பக்கம்தான். அவர் தப்பு செய்வது, கால்வினிஸ்டு அல்லாத எல்லாரும் இதைத்தான் நம்புகிறார்கள் என்று எண்ணுவதில்.

கத்தோலிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கோவிலூர், எலத்தகிரி மாதிரி பழைய பங்குகள் உள்ள மாவட்டங்கள் நம்முடையவை. அவர்கள் நாம் 'கிருபை' என்பதை 'அருள்' என்பார்கள், 'இரட்சிப்பு' என்பதை 'மீட்பு' என்பார்கள், அதனாலேயே ஏதோ வேறு மதம் பேசுவது போலக் கேட்கும். 1547-இல் திரெந்து சங்கம், முந்தி வரும் அருள் இல்லாமல் மனிதன் நீதியை நோக்கி ஒரு அங்குலமும் நகர முடியாது என்றுதான் சொன்னது. அருளால் அசைக்கப்பட்ட மனம் உடன்படவும் முடியும், உதறவும் முடியும் என்பதைச் சேர்த்துக்கொண்டது. கால்வினிஸ்டுகளோடு மோதிய டச்சு இறையியலாளர் அர்மீனியஸும் அப்படித்தான். அவர் பெயரைச் சொன்னாலே 'மனித பலத்தை நம்புகிறவர்' என்று நண்பர் முத்திரை குத்துவார். ஆனால் விழுந்துபோன மனிதன் தானாக நல்லதை நினைக்கவும் விரும்பவும் செய்யவும் முடியாதவன் என்று எழுதியவர் அவர். அவர் 1609-இல் இறந்தார். அடுத்த வருடம் அவர் வழியினர் கொடுத்த ஐந்து அம்ச முறையீட்டிலும் அது இருக்கிறது. அந்த முறையீட்டுக்குப் பதிலாகத்தான் 1618-19-இல் டோர்ட் நகரத்தில் சங்கம் கூடியது. கால்வினிஸ்டுகள் சொல்லும் 'டூலிப்' அந்தப் பதிலின் ஐந்து அம்சங்களுக்கு ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம், பெயர் வெகு பின்னால் வைத்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி இன்னும் ஒரு படி போய், இந்த முந்தும் கிருபை பிறந்த ஒவ்வொரு மனிதனிலும் ஏதோ ஓர் அளவில் வேலை செய்கிறது என்றார். "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்று யோவான் எழுதியதில் வரும் அந்த 'முந்தி'யை இவர்களில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியென்றால் சண்டை எதைப் பற்றி? முந்தி வந்த கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா, அந்தக் கிருபை எல்லாருக்கும் ஒரே நோக்கத்தோடு வருகிறதா. இந்த இரண்டுதான். அம்மா தேடியது நிஜமா பொய்யா என்பது இந்தச் சண்டையின் பட்டியலிலேயே இல்லை.

நண்பர் தரப்பின் பலத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மனிதன் பொம்மை என்று கால்வினிஸ்டுகள் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1754-இல் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதினார்: செய்ய முடியாமல் இருப்பது ஒன்று, செய்ய மனமில்லாமல் இருப்பது வேறொன்று. குடிக்கு அடிமையான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போ என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு நடக்கக் காலில் பலம் இருக்கிறது. ஆனாலும் போவது கடைக்குத்தான். கட்டாயம் இல்லை, விரும்பித்தான் போகிறார். அந்த விருப்பம்தான் சங்கிலி. மனிதன் தேவனிடம் வராததும் இப்படித்தான் என்கிறார்கள். வீட்டில் ஒரு குடிகாரரோடு வாழ்ந்தவர்கள் இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட மாட்டார்கள்.

"பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" (யோவான் 6:44) என்பதும் அவர்கள் கையில் இருக்கும் கனமான வசனம். 'இழுத்தல்' என்பதற்குள்ள கிரேக்கச் சொல், மீன் நிறைந்த வலையை இழுப்பதற்கு யோவான் பயன்படுத்துவதுதான். வலைக்குள் இருக்கும் மீனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. எதிர்த்தரப்பு உடனே 12:32-ஐக் காட்டும்: "எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்." அதே சொல்தான், ஆனால் எல்லாரும் வந்துவிடவில்லையே. இந்த இடத்தில் எனக்குப் பிடித்தது அகஸ்டின் சொன்ன விளக்கம். ஆட்டுக்குப் பச்சைக் கிளையைக் காட்டினால் அது இழுக்கப்படுகிறது, சிறுவனுக்குக் கொட்டைப் பருப்பைக் காட்டினால் அவன் இழுக்கப்படுகிறான், கயிறு போட்டு இல்லை, ஆசையால் என்றார். ஆடு வளர்க்கும் நம் வீடுகளில் இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. குழையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தால் போதும், ஆடு பின்னாலேயே வரும். வருவது ஆட்டின் கால்தான். வர வைத்தது குழை. இதில் 'ஆடு தானாக வந்ததா, இழுக்கப்பட்டு வந்ததா' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

லூத்தரும் அவர் காலத்து டச்சு அறிஞர் எராஸ்முஸும் மோதியது பற்றிக் கொஞ்சம். 1524-இல் எராஸ்முஸ் மனிதனுக்குச் சிறிதளவாவது சுயசித்தம் உண்டு என்று எழுதினார். நடக்கப் பழகும் குழந்தைக்கு அப்பா ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார். குழந்தை தாவுகிறது, அப்பா கை கொடுக்காவிட்டால் விழுந்துவிடும், ஆனாலும் தாவியது குழந்தைதான் என்பது அவர் உவமை. அடுத்த வருடமே லூத்தர் பதில் எழுதினார். மனித சித்தம் சவாரி மிருகம் போன்றது, தேவன் ஏறினால் அவர் வழியில் போகும், சாத்தான் ஏறினால் அவன் வழியில் போகும், யார் ஏறுவது என்று மிருகம் முடிவு செய்வதில்லை என்றார். உவமையாகப் பார்த்தால் எராஸ்முஸ் மனதைத் தொடுகிறார், வாதமாகப் பார்த்தால் லூத்தர் விடமாட்டார். "தேடு என்று கட்டளை இருப்பதால் தேட முடியும் என்று அர்த்தமா?" என்று கேட்டார் லூத்தர். முடியாது என்று மனிதனுக்குத் தெரிய வைக்கவும் கட்டளை கொடுக்கப்படலாமே என்றார். கடனை அடைக்கக் காசில்லாதவனிடம் கடன் பத்திரத்தை நீட்டுவது போல. இது என் உவமை, லூத்தர் தலையில் கட்டவேண்டாம்.

இதில் கிருஷ்ணகிரிக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை இந்தியாவில் முதன்முதலில் ஊழியம் தொடங்கியது கிருஷ்ணகிரியில், 1895-இல். வந்தவர் நேதர் என்ற ஜெர்மானியர், முன்பு லைப்சிக் மிஷனில் இருந்துவிட்டுக் கருத்து வேறுபாட்டால் வெளியேறியவர். அவரை அனுப்பிய சபை அதற்குச் சற்று முன்புதான், 1880-களில், முன்குறித்தலைப் பற்றிய ஒரு பெரிய சண்டையில் பிளவுபட்ட கூட்டமைப்பைச் சேர்ந்தது. ஒரு தரப்பு, 'இன்னார் விசுவாசிப்பார் என்று முன்னறிந்து தேவன் அவரைத் தெரிந்துகொண்டார்' என்றது. மிசூரியின் முன்னாள் தலைவர் வால்தர் அதை ஏற்கவில்லை. என் விசுவாசத்தைப் பார்த்துத் தேவன் என்னைத் தெரிந்துகொண்டார் என்றால் கடைசியில் பெருமை எனக்கல்லவா வரும், தெரிந்துகொண்டதால்தான் விசுவாசமே வந்தது என்றார். உடனே அவரைத் திருட்டுக் கால்வினிஸ்டு என்றார்கள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டுப்போகிறவன் தேவன் கைவிட்டதால் கெடுவதில்லை, தன் குற்றத்தால் கெடுகிறான் என்றார். இரட்சிக்கப்பட்டால் முழுப் புகழும் தேவனுக்கு, கெட்டால் முழுப் பழியும் மனிதனுக்கு. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? சேர்க்க வேண்டாம், வேதம் சேர்க்கவில்லை என்பதுதான் லுத்தரன் பதில். கணக்கு வாத்தியார்களுக்குப் பிடிக்காத பதில். எனக்குப் பல வருடம் பிடிக்கவில்லை.

ஞானோபதேச வகுப்பில் லூத்தருடைய சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தோம். என் புத்தியாலும் பலத்தாலும் நான் கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ முடியாது, பரிசுத்த ஆவியானவர் என்னை அழைத்தார் என்று வரும் பகுதி. பதின்மூன்று வயதில் அதைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தோம். 'நான் விசுவாசிக்கிறேன்' என்று தொடங்கி, 'விசுவாசிக்க என்னால் முடியாது' என்று போகும் வாக்கியம் அது என்று உறைத்தது நாற்பது வயதுக்கு மேல்தான்.

தமிழருக்கு இது புதுப் பேச்சும் இல்லை. "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் சொன்னதை உங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். வைணவத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று உவமை உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. நம் சண்டையை அதன்மேல் அப்படியே ஒட்டிவிட முடியாது, அங்கே சிக்கல்கள் வேறு. ஆனாலும் உங்கள் அம்மா வளர்ந்த வீட்டிலேயே இந்தக் கேள்வி வேறு பாஷையில் இருந்திருக்கும்.

இப்போது அப்பா. கறாராகச் சொல்கிறேன்: உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைக் காட்டி 'இவர் தெரிந்துகொள்ளப்படாதவர்' என்று சொல்லும் உரிமையைக் கால்வினிஸப் போதனையும் யாருக்கும் தரவில்லை. அது தேவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்பதுதான் அவர்கள் நிலையே. இந்தியாவுக்கு 1793-இல் வந்த வில்லியம் கேரி கால்வின் வழிப் பாப்டிஸ்டுதான். வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த விட்ஃபீல்டும் கால்வினிஸ்டுதான். யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்று தெரியாததால்தான் எல்லாரிடமும் போனார்கள். விட்ஃபீல்டும் வெஸ்லியும் இதே விஷயத்தில் அச்சில் சண்டை போட்டவர்கள். ஆனால் 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. ஓசூர் அறையில் நீங்கள் இருவரும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அப்புறம் எருசலேமைப் பார்த்து இயேசு சொன்னது: கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பது போலச் சேர்க்க "மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று". அந்த ஊர் தெரிந்துகொள்ளப்பட்டதா இல்லையா என்று அவர் அங்கே பேசவில்லை. அழைத்தார், வராததற்காக வருந்தினார். அப்பா விஷயத்தில் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் அந்த அளவுக்குத்தான்.

நண்பரோடு உட்கார்ந்து லூக்கா 19-ஐப் படியுங்கள். குள்ளனான சகேயு, இயேசு எப்படிப்பட்டவர் என்று பார்க்க "வகைதேடினான்", ஓடினான், காட்டத்தி மரத்தில் ஏறினான். அத்தனையும் அவன் செய்ததுதான். ஏழு வசனம் தள்ளி, "இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்திருக்கிறார்" என்கிறார் இயேசு. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், தமிழிலும் பாருங்கள், 'தேடு'தான். சகேயு மரத்தில் இருக்கும்போது கேட்டிருந்தால் 'நான்தான் தேடி வந்தேன்' என்றிருப்பான். சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதியதிலிருந்தே. அம்மாவின் எட்டு வருடத் தேடலை நாலு வரி எழுதினீர்கள். எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டதை மூன்றே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். அவர் ஏன் அந்த வருடம் கூப்பிட்டார், அதற்கு முன்னால் எத்தனை முறை கூப்பிட நினைத்துத் தயங்கினார், அம்மாவுக்காக எவ்வளவு நாளாக ஜெபித்துக்கொண்டிருந்தார்? அடுத்த முறை பென்னாகரம் பஸ் ஏறும்போது அம்மாவைப் பார்த்துவிட்டு, அப்படியே எதிர்வீட்டுக்கும் போய் அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். அப்பா திண்ணையில் இருந்தால் அவரையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு டீ குடிக்க.